அமெரிக்காவில் நடந்து போனவள்

லண்டன் டூட்டிங்கில் பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது, எனக்கு முன்னால் நின்ற பெண் தன் தோழியிடம் சொன்னாள்: "அமெரிக்காவிலை நடந்து போனதுக்குத் தங்கச்சி என்னோடை கோவிச்சுப்போட்டாள்."

"நடந்ததுக்கோ?"

"ஓம். அவளின்ரை ரோட்டிலை வீடு துப்பரவாக்க வாற பெண்டுகள் மட்டுந்தான் நடக்கிறவை. மற்ற எல்லாரும் கார். ஒருநாள் பின்னேரம் நான் அவையோடை பஸ் ஸ்டாப் மட்டும் கதைச்சுக்கொண்டு போனனான். 'அக்கா, சனம் உங்களையும் வேலைக்காரி எண்டு நினைக்கும்' எண்டாள்."

"நீ என்ன சொன்னனி?"

"'லண்டனிலை நானும் கிளீனிங்தானே செய்யிறன்' எண்டன். 'அதை இங்கை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ' எண்டு கையைப் பிடிச்சாள்."

"பிறகு?"

"அடுத்த நாள் அந்தப் பெண்டுகள் வீட்டைக் கடந்து போகேக்கை, ஒருத்தி என்னை ஜன்னலிலை கண்டு கை காட்டினவள். தங்கச்சி பக்கத்திலை நிண்டவள். நான் திரும்பக் கை காட்டேல்லை."