சங்கிலியில் ஒரு பாரம்

கிட்ட வந்து இருங்கள். இதைச் சத்தமாகச் சொல்ல மாட்டேன். என் சிநேகிதன் ஏரம்புவின் மச்சான் பஞ்சலிங்கத்துக்கு நடந்தது இது. எழுபத்துநாலாம் ஆண்டு, ஆனி மாதம்.

பட்டப்பகல் பதினொரு மணி. ஆனால் இருட்டு... சிவனொளிபாதமலைப் படிகளில் ஏரம்புவையும் பஞ்சலிங்கத்தையும் தவிர ஒரு சீவன் இல்லை. யாத்திரைக் காலம் வைகாசியோடு முடிந்துவிட்டது. படியோரக் கடைகளெல்லாம் பூட்டு. மழை, காற்று, கண்ணை மறைக்கும் மூடுபனி.

பஞ்சலிங்கம் கொடிகாமத்தில் தேங்காய் வியாபாரி. மகள் இராசாத்திக்கு நாலு வயதாகியும் ஒரு சொல் வரவில்லை. மலையேறிக் கும்பிட்டால் வாய் திறக்கும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அடுத்த யாத்திரைக் காலம் வரைக்கும் பொறுக்க மனைவி பத்மாசினிக்கு மனமில்லை.

"இந்தக் காத்துல ஏறாதீங்கய்யா," என்று அடிவாரத்துத் தேத்தண்ணிக் கடைக்காரர் மறித்தார். கேட்கவில்லை.

உச்சிக்குக் கிட்டப் படிகள் செங்குத்து. பிடித்து ஏற இரும்புச் சங்கிலி போட்டிருந்தது. ஏரம்பு முன்னால். பஞ்சலிங்கம் பின்னால். கையெல்லாம் துரு மணம்...

சடக்.

சங்கிலி இறுகியது. கீழே யாரோ அதைப் பிடித்து ஏறுகிறார்கள். கிறீச்... கிறீச்... பிறகு, நனைந்த கூந்தலின் நல்லெண்ணெய் மணம்.

"அண்ணை... கொஞ்சம் பொறுங்கோ. நானும் வாறன்."

பெண் குரல். நம்முடைய ஊர்ப் பேச்சு. அவருக்கு மனம் இளகிவிட்டது.

"தனியவோ வந்தனீர் பிள்ளை? பயப்படாமல் வாரும்."

கையைக் கீழே நீட்டினார். ஒருவரும் பிடிக்கவில்லை. சங்கிலி மட்டும் தளரவே இல்லை.

"ஆரோடை கதைக்கிறாய் மச்சான்?" மேலேயிருந்து ஏரம்பு கத்தினான்.

"பின்னாலை ஒரு பிள்ளை வருது."

"ஒருத்தரும் வரேல்லை. ஏறு!"

உச்சியில் திருவடிக் கோயிலின் கதவு பூட்டியிருந்தது. பூட்டின கதவுக்கு முன்னால் விழுந்து, மகளுக்காக அழுதார். பிறகு அந்தப் பெண்ணுக்காகக் காத்திருந்தார்... வரவில்லை.

இறங்கும்போது மூடுபனி கொஞ்சம் விலகியது. அவர் கை நீட்டிய அதே இடம். அங்கே படி இடப்பக்கம் திரும்பியது. சங்கிலி திரும்பவில்லை. பழைய படிகள் மண்சரிவில் போன இடத்தில், அது நேரே பள்ளத்துக்குள் தொங்கியது. கீழே வெறும் ஆழம்.

"பாராதை. நட," என்றான் ஏரம்பு.

கொடிகாமத்தில் ரயிலை விட்டு இறங்க, மத்தியான வெயில் மண்ணைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தது. பஞ்சலிங்கம் வீட்டு வாசல் படலையைத் திறந்தார். இராசாத்தி ஓடி வந்தாள். வந்தவள் பாதியில் நின்றாள். அவரைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் பார்த்தாள்.

"அப்பா... மாமி நனையிறா. உள்ளை வரச் சொல்லுங்கோ."

"கதைச்சிட்டாள்! என்ரை பிள்ளை கதைச்சிட்டாள்!" பத்மாசினி அழுதுகொண்டு ஓடிவந்தாள்.

பஞ்சலிங்கம் திரும்பிப் பார்க்கவில்லை. முதுகுக்குப் பின்னால்... அந்தச் சுடுமண்ணில், சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும் சத்தம்.