கத்திரி முடிஞ்ச மறுநாள்

...தலைவர் இப்போதான் இதே மைக்குல சொன்னார். "இன்னையோட கத்திரி முடியுது, நாளைக்கு மோர்ப் பந்தலைப் பிரிச்சிடலாம்"னு. நீங்களும் கை தட்டினீங்க. தட்டுங்க, வேணாம்னு சொல்லல. ஆனா மூங்கிலைப் பிடுங்கறதுக்கு முன்னாடி ஒருத்தரோட கதையைக் கேட்டுடுங்க. சின்னக் கதைதான். கையில இருக்கற மோர் தீர்றதுக்குள்ள முடிஞ்சிடும்.

கொருக்குப்பேட்டையில முனிரத்தினம்னு ஒருத்தர். மீன்பாடி வண்டி, அதான் மூணு சக்கரச் சரக்கு வண்டி, ஓட்டுறவர். கம்பி, சிமென்ட்டு, எது ஏத்தினாலும் மிதிப்பார். அவர் சம்சாரம் தேசம்மா. கத்திரி பொறந்தா அந்த அம்மா ஒரு வேலை செய்யும். என்ன செய்யும்? காலையில ஒரு நடை போயிட்டு வந்ததும், வண்டிப் பூட்டுச் சாவியை வாங்கி முந்தானையில முடிஞ்சுக்கும். வெயில் தாழுற வரைக்கும் மனுஷன் வண்டியைத் தொட முடியாது.

"சாவியக் குடு தேசம்மா... லோடு நிக்குது."

"நிக்கட்டும். கத்திரி முடியட்டும், தர்றேன்."

கெஞ்சுவார், கோவிச்சுப்பார்... ஊஹூம். அந்த அம்மா அசையாது. அவங்க அம்மாவும் இப்படித்தான் வீட்டு ஆம்பளைங்களைக் காப்பாத்துச்சாம்.

போன வருஷம், காலண்டர்ல 'அக்னி நட்சத்திரம் முடிவு'ன்னு போட்டிருந்த தாளைக் கிழிச்சாங்க. மறுநாள் மத்தியானம் வானம் மப்பா இருந்துச்சு. வெயிலே இல்ல. ஆனா காத்தும் இல்ல. ஒரு இலை ஆடல. சும்மா உட்கார்ந்திருந்தாலே முதுகுல வேர்வை ஓடுது... துடைச்சா மறுபடி ஓடுது. உங்களுக்குத் தெரியாததா? இப்போ நீங்க உட்கார்ந்திருக்கீங்களே, இப்படித்தான்.

"இன்னா தேசம்மா... கத்திரிதான் முடிஞ்சுதே?"

தேசம்மா முடிச்சை அவுத்துச்சு. சாவியைக் குடுத்துச்சு.

கம்பி லோடு. பாலம் ஏறி இறங்கினார். தெருமுனையில நம்மளை மாதிரி ஆளுங்க போட்ட தண்ணிப் பந்தல் இருக்கும், ஒரு சொம்பு குடிச்சிட்டுப் போலாம்னு மிதிச்சிருக்கார். வந்து பார்த்தா... மூங்கில் நட்ட குழிதான் இருக்கு. கத்திரிதான் முடிஞ்சுதே, பிரிச்சிட்டாங்க. அங்கேயே வண்டியைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கல.

ஆஸ்பத்திரியில டாக்டரம்மா கேட்கறாங்க: "இந்த நேரத்துல லோடு அடிக்க ஏம்மா விட்டீங்க?"

"வெயிலே இல்லீங்களே..."

"வெயில் வேணாம்மா. காத்துல இவ்வளவு ஈரம் இருந்தா வேர்வை காயாது. வேர்வை காயலேன்னா உடம்புச் சூடு எறங்காது."

அதுக்குத் தேசம்மா என்ன சொல்லுச்சு தெரியுமா? "கத்திரி முடிஞ்சுபோச்சுன்னு போட்டிருந்துச்சே... அதான் சாவியைக் குடுத்தேன்." திரும்பத் திரும்ப அதையே சொல்லுச்சு. முனிரத்தினம் அன்னைக்குச் சாயங்காலமே போயிட்டார்.

சொல்லுங்க... தேசம்மா பண்ணது தப்பா? காலண்டர் அடிச்சவர் தப்பா? அந்த அம்மாவோட தாயாருக்கு அந்தத் தேதி கைகொடுத்துச்சு. கத்திரி போச்சுன்னா கடல் காத்து வரும், ஒரு மழை விழும், மனுஷன் மூச்சு விடுவான். இப்போ? ஏரியில வீடு கட்டினோம். நிழலை வெட்டினோம். ரூமுக்குள்ள குளிரை வெச்சுக்கிட்டு சூட்டைத் தெருவுல தள்ளினோம். ஆடி பொறந்தாலும் தலையணை நனையுது. அப்புறமும் 'மெட்ராஸ்ல எந்த வருஷம்தான் வெயில் இல்ல'ன்னு கேட்கறீங்க. கேட்டுக்கிட்டே இருங்க. இப்படியே போனா நம்ம பேரப்பிள்ளைங்க இந்த வருஷத்தை நல்ல வருஷம்னு சொல்லும். இது மாறும்னு எனக்கு நம்பிக்கை இல்லைங்க... மேடையில ஏறிப் பொய் சொல்ல மனசு வரல.

பந்தலைப் பிரிக்காதீங்க. எது வரைக்கும்னு என்னைக் கேட்காதீங்க. அதுக்கு எந்தக் காலண்டர்லயும் தேதி போடல. ஆஸ்பத்திரியில திருப்பிக் குடுத்த அந்தச் சாவி இன்னும் தேசம்மா முந்தானையிலதான் இருக்கு. வண்டி வாசல்ல பூட்டியே நிக்குது... சாவியக் குடுன்னு கேட்கறதுக்குத்தான் ஆள் இல்ல.