லேசர் அறையில் ஒரு போட்டோ

இல்லீங்க, அந்தப் பக்கம் நிக்காதீங்க. லேசரை அணைச்சுத்தான் வெச்சிருக்கேன். ஆனா அந்த மேசையை இடிச்சிட்டீங்கன்னா எல்லாத்தையும் நேராக்க எனக்கு ரெண்டு வாரம் ஆகும். சுவரோரமா வந்து கேமராவை வெச்சுக்கோங்க. அவர் இப்ப வந்துடுவார். விருது வாங்கப் போறவர் இல்லையா, ரெண்டு தடவையாவது தலை சீவணும்.

ஆமா, எங்க வீட்டுக்காரர்தான். அவர் கணக்குப் போடுவார், நான் அளந்து பாப்பேன். வீட்டுலயும் இதே கதைதான், அவர் சொல்லுவார், நான் செய்வேன்.

என்ன ஆராய்ச்சியா? அணுவுக்குள்ள சும்மா கிடக்கிற எலக்ட்ரானை லேசர் வெச்சுப் பிடுங்கறோம். அது வெளிய வந்து ஓடுற ஓட்டம் கிட்டத்தட்ட ஒளியோட வேகம், அங்க பள்ளிக்கூடத்துல படிச்ச கணக்கு செல்லாது, சார்பியல் வேணும். போதாததுக்கு ஸ்பின்னு ஒண்ணு. பம்பரம் மாதிரின்னு மட்டும் எழுதிடாதீங்க, ஒரு மணி நேரம் உக்கார வெச்சுப் பாடம் எடுப்பார். எலக்ட்ரான் சுத்தாதாம். சுத்துற மாதிரி நடந்துக்குமாம். எங்க வீட்டு ஆம்பளைங்க வேலை செய்யற மாதிரின்னு வெச்சுக்கோங்களேன்.

ஒளியையும் சுத்த வெச்சுத்தான் அனுப்பறோம். அது சுத்துற பக்கமே ஸ்பின் இருக்கிற எலக்ட்ரான்தான் அதிகமா வெளிய வரும்னார் இவர். பெரிய பெரிய ஆளுங்கல்லாம் சிரிச்சாங்க. பதினோரு வருஷம் அந்த ஒரு வரியைக் கட்டிக்கிட்டு அழுதார் மனுஷன். கடைசில நான் அளந்தேன், அவர் சொன்னபடியே வந்தது. சிரிச்சவங்களே இப்பத் தலையில தூக்கி வெச்சு ஆடுறாங்க.

இதுவா? ஒளியைச் சுத்த வைக்கிற தட்டு. விளிம்புல அம்பு தெரியுதா? அது லேசரைப் பாக்கணும். முன்பின்னா மாத்தி மாட்டினா ஒளி எதிர்ப்பக்கமா சுத்தும். போன வாரம் தூசி துடைக்கலாம்னு கழட்டப் போறேன், அம்பு சுவரைப் பாத்துக்கிட்டு நிக்குது.

மாட்டினது யாரா? இந்த அறைல என்னை விட்டா வேற யாருங்க? அன்னிக்கு அளந்தப்பவும் அது அப்படியேதான் நின்னிருக்கு.

சரியா மாட்டி மூணு தடவை அளந்துட்டேன். அவர் சொன்னதுக்கு நேர் எதிரா வருது. கணக்கே தப்புங்க. எங்க கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கறேன், அளந்ததுல தப்பு என் மேலன்னு காலையிலேயே அதைப் போட்ட ஆய்வுப் பத்திரிகைக்கு எழுதிட்டேன். அவர்கிட்ட சொல்லத்தான் வாய் வரல. பயமா இருக்கு.

அதோ வர்றார். என்னமா சிரிச்சுக்கிட்டு வர்றார் பாருங்க. சீக்கிரம் எடுத்துடுங்க.