கத்தி படாத படகு

மாலை கும்மிடிப்பூண்டி ரயிலில் எனக்கு எதிரே ஒரு பெண், மடியிலிருந்த கேக் டப்பாவை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். பக்கத்தில் காலி மீன்கூடையோடு ஓர் அக்கா.

"சோறு போடற படகு மேல கத்தி வெக்கமாட்டேன்னு நைனா எழுந்து பூட்டாரு, அக்கா!"

"எப்போ?"

"போன வருசம். அவரு பொறந்தநாளுக்கு மொத மொதல்ல வூட்லயே கேக் செஞ்சேன். அவரு படகையே கிரீம்ல அப்டியே எறக்கியிருந்தேன். பேரு, நம்பர் எல்லாம் போட்டு! ஒருத்தரும் துன்னல. மூணு நாளு பிரிட்ஜ்லயே கெடந்துச்சு."

"இப்போ இன்னா செஞ்சிகீற?"

"இந்தா, பாரு!"

மூடியைத் திறந்தாள். நீல கிரீமில் அலை அலையாகக் கடல். நடுவே சின்னத் தட்டில் பச்சைப் படகு.

"அய்ய, மறுபடியும் படகா?"

"படக தட்டோட தூக்கி தனியா வச்சிரலாம்க்கா. கடலத்தான் வெட்டணும்!"

"கடல வெட்டுவாரா உங்க நைனா?"

"தெனம் அதக் கிழிச்சிக்கினுதான போறாரு!"

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். கத்திவாக்கம் தாண்டியதும் சட்டென்று ஜன்னலைப் பார்த்தாள்.

"மூடு, மூடு. காத்து சாஸ்தியா கீது. படகு ஆடுது பாரு."