ஆறு ஐம்பதுக்குக் குறையும் பாட்டு

மாலை ஆறே கால். தேவதானத்துக்கு மேற்கே, மலையைப் பார்த்துப் போகிற வாய்க்கால் ரோடு. ஒரு பக்கம் தென்னந்தோப்பு, மறுபக்கம் அறுப்பு முடிந்த வயல். கடைசி மின்கம்பத்தைத் தாண்டினால் ஒரே ஒரு வீடு... அதில் ஒரே ஒருத்தி. யோகேஸ்வரி. நம் கூட்டாளி வல்லரசின் கூடப்பிறந்த அக்கா. கரண்ட் வரும்வரை சொல்கிறேன். நடுவில் எவனாவது ஊளையிட்டுக் காட்டினால் அத்தோடு நிறுத்திவிடுவேன்.

அவளுக்கு ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணிக் கம்பெனியில் வேலை. ஸ்கூட்டரில் போய் வருவாள். புருஷன் விக்னேஷ்வரன் பட்டாளத்தில், எங்கோ வடக்கே. மாமியார் சுடலையம்மாள் இவள் வாழ வருவதற்கு முன்பே சுமங்கலியாகப் போய்ச் சேர்ந்துவிட்டாள். மிச்சம் இருந்தது மாமனார் கருத்தையா. அவரும் பட்டாளத்துக்காரர். பென்ஷன் வாங்கி வந்து மில்லில் செக்யூரிட்டி வேலை பார்த்தவர். வாயைத் திறந்தால் உத்தரவுதான்.

ஹாலில் ஒரு ஸ்டீரியோ செட். மிலிட்டரி கேன்டீனில் வாங்கியது, இடுப்பு உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர். அவர் செய்தி கேட்பார், அணைப்பார். மற்றவர் கை வைக்கக் கூடாது. பதினோரு வருஷம் அந்த வீட்டில் யோகேஸ்வரி ஒரு பாட்டுக் காதாரக் கேட்டதில்லை.

அவர் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் படுத்த நேரத்தில்தான், ஒரு ப்ளூடூத் பெட்டியை வாங்கி செட்டுக்குப் பின்னால் சொருகினாள். மாடியில் இருக்கும் கம்ப்யூட்டரில் பாட்டுப் போட்டால், ஒயரே இல்லாமல் கீழே ஹாலில் பாடும். நாலே நாள், காலையில் மட்டும் கேட்டாள்; சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். ஐந்தாம் நாள் பெரியவர் பிணமாக வீட்டுக்கு வந்தார்.

அவர் செத்து மூன்றாம் நாள். துக்கம் கேட்க வந்த பெண்கள் ஹாலில் வட்டம் போட்டு மாரடித்து ஒப்பாரி வைக்கிறார்கள். யோகேஸ்வரி மாடியில். தலை விண்விண் என்று தெறிக்கிறது. தன் காதுக்கு மட்டும் மெதுவாக ஒன்று கேட்போம் என்று கம்ப்யூட்டரில் தட்டினாள். கீழே செட்டை யாரும் அணைத்திருக்கவில்லை. கம்ப்யூட்டர் பழகின பழக்கத்தில் அதைப் பிடித்துக்கொண்டது... ஒப்பாரிக்கு நடுவே, வீடே அதிரக் குத்துப்பாட்டு. சிரிக்காதீர்கள். ஒரு பெரியம்மா மாரடித்த கையை நிறுத்தாமல் தாளத்துக்கே அடித்தாள் என்று வல்லரசு சத்தியம் செய்கிறான்.

கொழுந்தன் வேல்பாண்டி மாடிக்கே ஏறி வந்துவிட்டான்.

“கருமாதி கூட முடியல மதினி. அப்பா சும்மா விடுவாருன்னு நெனைக்கீங்களா?”

கருமாதி முடிந்ததும் பேச்சை மாற்றினான். ஒத்தைப் பொம்பளை தோப்புக்குள் இருக்கக் கூடாதாம். வீட்டைப் பூட்டிவிட்டு ராஜபாளையம் வந்துவிட வேண்டுமாம். தோப்பைக் குத்தகைக்கு விட ஆளும் பார்த்துவிட்டானாம். யோகேஸ்வரி முடியாது என்றுவிட்டாள். வல்லரசிடம் அவள் சொன்னது இது:

“ஏலே, ஒரு ராத்திரி பயந்து கெளம்பிட்டேன்னு வையி, பொறவு இந்த வாசப்படி எனக்கில்ல. எம்புட்டுப் பாடு பட்டிருக்கேன் இங்க. நான் போவ மாட்டேன்.”

கூட்டம் கலைந்து, லீவில் வந்த புருஷனும் வடக்கே திரும்பிப் போன மறுநாள்... மாடியில் உட்கார்ந்து பாட்டுப் போட்டாள். முதல் பாட்டு நன்றாகப் பாடியது. இரண்டாவது பாட்டில் கீழே சத்தம் குறைந்தது. நிற்கவில்லை... குறைந்தது. படிப்படியாக. டக்... டக்... டக். கம்ப்யூட்டரில் பாட்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது. மணி பார்த்தாள். ஆறு ஐம்பது.

இறங்கி வந்தாள். ஹாலில் யாரும் இல்லை. செட்டில் பச்சை விளக்கு எரிகிறது. வால்யூம் குமிழ் சுழியத்தில் நிற்கிறது. சோறு வடித்த கஞ்சி வாசம்... அன்றைக்கு அவள் உலையே வைக்கவில்லை. குமிழைத் திருகி, பழையபடி வைத்துவிட்டு மாடிக்குப் போனாள். செத்த நேரம்தான். டக்... டக்... டக்.

மறுநாளும் ஆறு ஐம்பது. அதற்கு மறுநாளும். மில் விட்டு மாமனாரின் வண்டி வாசலில் வந்து நிற்கிற நேரம் அது. சரி, கிழவர்தான் என்று முடிவு கட்டினாள். பயம் இருந்தது, இல்லாமல் என்ன. ஆனால் அதைவிடக் கோபம் அதிகமாக இருந்தது.

ராஜபாளையத்திலிருந்து ரேடியோ மெக்கானிக் தனுஷ்கோடியை வரவழைத்தாள். அவன் செட்டைப் பிரித்துப் பார்த்து மூடினான்.

“யக்கா, ஒரு பழுதும் இல்ல. கம்ப்யூட்டரு பாட்டத்தான் அனுப்பும். இது கையால திருகுத குமிழு. கை வச்சாத்தான் திரும்பும்.”

சொல்லிவிட்டு டீ கூடக் குடிக்காமல் வண்டியை எடுத்தான். போகிற வழியில் வேல்பாண்டி காதிலும் போட்டுவிட்டான். உடனே போன் வந்தது.

“நான் அப்பமே சொன்னேம்லா மதினி. அப்பா கோவத்துல இருக்காரு. காலைல வேன் கொண்டு வாரேன். சாமானக் கட்டி வைங்க.”

யோகேஸ்வரி ஒன்றையும் கட்டவில்லை. ஆறரைக்குப் பாட்டைப் போட்டுவிட்டு, கீழே இறங்கி வந்து செட்டுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். குமிழை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். வெளியே தென்னை ஓலை ஒன்று விழுந்தது. ஆறு நாற்பத்தெட்டு... நாற்பத்தொன்பது...

குமிழ் அசைந்தது.

விடவில்லை அவள். இரண்டு கையாலும் பிடித்தாள். “மாமா, பதினோரு வருசம் இந்த வீட்டுல நீங்க சொன்னபடி நடந்தேன். இனிமே நடக்க மாட்டேன். என்ன செய்யணுமோ செஞ்சுக்கிடுங்க” என்றாள்.

அப்போது அவள் கைமேல் ஒரு கை வந்து படிந்தது.

கனத்த கை இல்லை அது. மெலிந்த கை. தண்ணீரிலேயே கிடந்து ஊறின விரல்கள். மணிக்கட்டில் கண்ணாடி வளையல் உரசியது... சில்லென்று. குமிழைப் பிடுங்கவில்லை. கெஞ்சுவது மாதிரி, குறை குறை என்று அவள் விரலைத் தள்ளியது. கஞ்சி வாசம் மூக்குக்கு நேரே அடித்தது.

புருஷன் எப்போதோ சொன்னது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. சின்ன வயதில், அப்பா மில் வேலைக்குப் போனபின் அம்மா செட்டில் பாட்டுக் கேட்பாளாம். ரோட்டு முனையில் வண்டிச் சத்தம் கேட்டதும், அடுப்படியில் இருந்து ஈரக்கையோடு ஓடி வந்து குறைத்துவிடுவாளாம். ஒரு நாள் பிந்திவிட்டதாம். அன்றைக்கு வாங்கின அடியில் அம்மாவுக்கு ஒரு காது கேட்காமல் போனதாம்.

யோகேஸ்வரிக்கு அழுகை வந்துவிட்டது. கையை எடுக்கவில்லை.

“அத்தை... அவிய செத்துப்போயிட்டாக. இனிமே ஓடி வர வேண்டாம். நல்லாக் கேளுங்க.”

அந்தக் கை அப்படியே நின்றது. பாட்டு முடிந்து அடுத்த பாட்டு வந்தது. பிறகு, மெதுவாக... குமிழ் மறுபக்கம் திரும்பியது. டக். ஒரு படி கூடியது. டக். இன்னொரு படி.

அப்போதுதான் மாமனாரின் அறையிலிருந்து கதவைத் தட்டினார்கள். உள்ளேயிருந்து. மூன்று தடவை, ஓங்கி. அந்த அறையைக் கருமாதி அன்றே வெளியே பூட்டி, வேல்பாண்டி சாவியைக் கொண்டு போயிருந்தான்.

யோகேஸ்வரி எழுந்திருக்கவில்லை.

“தட்டட்டும் அத்தை” என்றாள்.

காலையில் வேன் வந்தது. வேல்பாண்டி முதல் வேலையாக அப்பா அறைப் பூட்டைத் திறந்தான். ஒரு எட்டு உள்ளே வைத்தவன் திரும்பிக் கதவின் உள்பக்கத்தைப் பார்த்தான். மறுபடி பூட்டினான். சாவியை மதினி கையிலேயே கொடுத்தான்.

“தோப்ப நீங்களே பாத்துக்கிடுங்க.”

வேன் காலியாகத் திரும்பிப் போனது. கதவில் என்ன பார்த்தான் என்று இன்றுவரை ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை அவன்.

யோகேஸ்வரி இப்போதும் அங்கேதான் இருக்கிறாள். தினமும் மாடியில் உட்கார்ந்து பாட்டுப் போடுகிறாள். ஆறு ஐம்பதுக்குக் கீழே கதவைத் தட்டுகிற சத்தம் கேட்குமாம். உடனே செட்டில் சத்தம் கூடுமாம். கூட்டுவது அவள் இல்லை... அந்த நேரத்தில் அவள் மாடியை விட்டு இறங்குவதே இல்லை.