கண்ணாடியக்கா எழுதாத சொல்

மேடையில் இருக்கும் மருத்துவர்களே, ஆய்வுக்கூடத் தோழர்களே, முன்வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் அக்காவின் கணவரே, மகளே, அனைவருக்கும் வணக்கம். இந்த ஆய்வுக்கூடத்தின் தலைவர் என்று என்னைப் பேச அழைத்தார்கள். அக்காவிடம் அதிகம் திட்டு வாங்கியவன் என்ற தகுதியில்தான் நிற்கிறேன்.

போன வாரம் நெஞ்சுவலியில் நம்மைவிட்டுப் போன மூத்த சோதனையாளரை நாம் கண்ணாடியக்கா என்றுதான் அழைத்தோம். மூக்குக்கண்ணாடி போட்டவர் என்று புதிதாக வருகிறவர்கள் நினைப்பார்கள். அவர் அதைப் போட்டதே இல்லை. அந்தப் பெயர் கண்ணாடிக் குழாயால் வந்தது. வந்த கதையை நான் எந்த மேடையிலும் சொன்னதில்லை.

பதினோரு ஆண்டுகளுக்கு முன் ஒரு தையல்காரப் பெண்ணின் ரத்தம் வந்தது. நோய்க்கிருமி ரத்தத்தில் விட்டுவைக்கும் கொழுப்புப் பொருளைத் தேடினோம். தென்படவில்லை. அக்கா தாளில் 'கிடைக்கவில்லை' என்று எழுதியிருந்தார். நான் அதை அடித்து 'இல்லை' என்று திருத்திக் கையெழுத்துப் போட்டேன். எவ்வளவு சின்ன வேலை! அந்தப் பெண்ணை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒன்பதாம் நாள் இறந்துபோனார்.

அக்காவுக்கு மனசு ஆறவில்லை. மதியம் சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தவர் ஈரக் கையோடு என் அறைக்கு வந்தார்.

"சார், பிளாஸ்டிக் டப்பால ஒட்டின எண்ணெய் வெறும் தண்ணிக்குப் போகுதா? நாம தேடுறதும் கொழுப்புதானே. குழாய்லயே ஒட்டிக்கிட்டிருந்தா?"

அந்தப் பெண்ணின் ரத்தம் இருந்த பிளாஸ்டிக் குழாயை அக்கா எடுத்துவைத்திருந்தார். அதை ஆல்கஹால் விட்டு அலசி, அந்த அலசலைச் சோதித்தார். கிருமி இருந்தால் மட்டும் சோதனைப் பட்டையில் விழும் கோடு பளிச்சென்று விழுந்தது. கிருமியின் அடையாளம் அத்தனை நாளும் குழாயின் சுவரில் இருந்திருக்கிறது.

இது வெளியே தெரிய வேண்டுமா என்று கேட்டேன். ஆம், நான்தான் கேட்டேன். அக்கா கோபப்படவில்லை.

"அவங்க வீட்டுல சொல்லணும் சார். நானும் வரேன்."

வந்தார். அந்தப் பெண்ணின் அம்மா எங்கள் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தும்வரை என் பக்கத்திலேயே நின்றார்.

மறுநாளிலிருந்து கண்ணாடிக் குழாய்தான். யாராவது பிளாஸ்டிக்கில் கைவைத்தால் அக்காவின் குரல் மாடிவரை கேட்கும். நன்றாகத் தேடாமல் 'இல்லை' என்று எழுத யாரையும் விடமாட்டார். அதனால் எத்தனை பேர் மறுசோதனைக்கு வந்து பிழைத்தார்கள்? அவர்களில் சிலர் இந்த அரங்கின் பின்வரிசையில் நிற்கிறார்கள்.

அக்கா, உங்கள் குழாய்களை மாற்றமாட்டோம். சந்தேகம் தீரும்வரை அலசிப் பார்க்காமல் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடமாட்டேன்.

இன்று காலை பணியாளர் பட்டியலில் உங்கள் பெயருக்கு நேரே ஒரு சொல் எழுதவேண்டியிருந்தது. பேனா ஓடவில்லை. உங்கள் மேசை, குளிர்பெட்டி அறை, நீங்கள் டப்பா கழுவும் தொட்டி, எல்லா இடத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு வந்துதான் எழுதினேன் அக்கா.

இல்லை.