முத்துசாமி கொல்லைக்கு அடித்த வண்டல்

டீயை அப்படி ஓரமாக வையுங்கள் சார், ஆறட்டும். சூடாக எதையும் நான் வாயில் வைப்பதில்லை. கேட்பதைச் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கையெழுத்துப் போட வரும், படிக்க வராது. எழுதியதை ஏட்டு படித்துக் காட்டுவார் என்கிறீர்கள். அவர் எழுதாததைப் படித்தால் எனக்கு எப்படித் தெரியும்? இருக்கட்டும்.

என் பெயர் இளையபெருமாள். செந்துறைக்கு மேற்கே நாலு ஏக்கர் புஞ்சை. அதற்கு மேட்டில்தான் சுரங்கம். கல்லை இடித்துக் கழுவி, வேண்டியதை லாரியில் ஏற்றிக்கொண்டு, மிச்சத்தைச் சேறாகக் குட்டையில் விடுவார்கள். எண்பத்தொன்றாம் வருஷ ஐப்பசி மழையில் குட்டை உடைந்து, என் நிலத்தில் ஒரு முழம் சேறு நின்றது. காய்ந்த பிறகு பார்த்தால் கறுப்பாக, வழவழவென்று, ஏரி வண்டல் மாதிரியே இருந்தது. அதை நக்கிய என் வெள்ளாடு இரண்டும் நாலு நாளில் செத்தன.

சுரங்கத்து ஆபீசர் வந்தார். ஆட்டைப் பாம்பு கடித்திருக்கும், சேற்றில் ஒன்றுமில்லை, தாராளமாக விதைக்கலாம் என்றார்.

"நீங்க ஒரு கை அள்ளி வாயில போடுங்க சார், நான் வெதைக்கிறேன்" என்றேன்.

சிரித்துக்கொண்டே ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். விவசாய ஆபீசில், மண்ணைப் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்தால் சோதித்துக் காகிதம் தருவோம் என்றார்கள். காகிதத்தில் என்ன வேண்டுமானாலும் எழுதலாம். நான் கொண்டுபோகவில்லை.

அந்த நிலத்தில் விளைவதைத்தான் என் வீட்டில் ஏழு பேர் தின்ன வேண்டும். விதைக்கலாமா கூடாதா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். உன் நிலத்திலேயே விதைத்துப் பார்த்திருக்கலாமே என்பீர்கள். விளைந்ததை யார் தின்பது?

கோடையில் ஏரி வண்டலை வெட்டி, உரமாகப் புஞ்சைக் கொல்லைக்கு வண்டியில் அடிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். மாடு இல்லாதவனுக்கு மாடு உள்ளவன் அடித்துக் கொடுப்பான். பக்கத்துக் கொல்லை முத்துசாமி அந்த வருஷம் வண்டி மாட்டை விற்றிருந்தான்; ஒரு பசுவும் கன்றும்தான் மிச்சம். ஏரியிலும் தண்ணீர் வற்றவில்லை. சித்திரையில் என் நிலத்துச் சேற்றை வெட்டி முப்பது வண்டி அவனுக்கு அடித்தேன்.

"இத நக்கித்தானே அண்ணே ஒங்க ஆடு செத்துச்சு?" என்று கேட்டான்.

"பாம்புன்னு ஆபீசரே சொல்லிட்டாருடா" என்றேன்.

வண்டல் அடித்தவனுக்கு அன்று கொல்லைக்காரன் வீட்டில் சோறு. போன வருஷத்துச் சோளம்தானா என்று கேட்டுக்கொண்டுதான் கை நனைத்தேன்.

ஆடியில் கம்பு போட்டான், ஓரத்தில் கீரை. செழிப்பாகத்தான் வந்தது. தினமும் காலையில் போய், என்ன சாப்பிட்டீர்கள், வயிறு எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டு வருவேன். ஊரில் என்னைப் பற்றி நாலு பேர் நல்லவிதமாகப் பேசியது அப்போதுதான்.

புரட்டாசியில் அவன் கன்றுக்குட்டி கண் தெரியாமல் சுவரில் முட்டி முட்டிச் செத்தது. கன்று சாக நூறு காரணம் உண்டு. கார்த்திகையில் முத்துசாமிக்கு வயிற்றுவலி. பிறகு வலது கை மணிக்கட்டோடு தொங்கிப்போனது. அவன் சாராயம் குடிக்கிறவன், அதனாலும் இருக்கலாம். குடிக்காத ஆளாக ஒருவர் வேண்டியிருந்தது.

அவன் மகள் சிந்தாமணி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். மாசமாக இருக்கும்போது சில பெண்கள் மண் தின்பது உங்களுக்கும் தெரியும். வரப்பில் உட்கார்ந்து நான் அடித்த வண்டல் கட்டியைக் கடித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் முந்தானையில் மறைத்தாள்.

"பெரியப்பா, அம்மாகிட்ட சொல்லிடாதீங்க. திட்டும்."

"சொல்லல ஆயி. அதுல கல்லு கெடக்கு, பல்லுல பட்டுரும். இரு."

கல் இல்லாத கட்டியாகப் பார்த்துப் பொறுக்கி, தூசி தட்டிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு தினமும் ஒரு கட்டி கொண்டுபோவேன். பெரியப்பா கொண்டுவந்தால் மாவு மாதிரி இருக்கிறது என்பாள்.

தையில் குழந்தை செத்துப் பிறந்தது. பத்தாம் நாள் திருச்சி ஆஸ்பத்திரியில் அவளும் போனாள். ரத்தத்தில் ஈயம், பாஷாணம் என்று டாக்டர் எழுதியிருக்கிறாராம். மண்ணை யார் கொடுத்தது என்று கேட்டதற்கு, சாகிறதுக்கு முன்னால் என் பெயரைச் சொல்லியிருக்கிறாள். நல்லபடியாகத்தான் சொல்லியிருக்கிறாள் என்று கேள்வி.

தெரிந்துதான் கொடுத்தேன், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் கொலை என்று எழுதாதீர்கள். அந்தப் பெண்மேல் எனக்கு என்ன பகை? பொய் சொன்னது அந்த ஆபீசர். நான் சொன்னதெல்லாம் அவர் சொன்னதுதான். எனக்குத் தெரிய வேண்டியிருந்தது, தெரிந்துவிட்டது. என் நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டேன். வீட்டில் ஏழு பேரும் சுகமாக இருக்கிறார்கள்.

டீ ஆறியிருக்கும், எடுங்கள். என்னிடம் வேண்டாம். ஏட்டு முதலில் ஒரு வாய் குடிக்கட்டும், நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.